ஆடி பிறப்பதற்குள் ஒரு சின்ன கார்

ஜூன் 24, செவ்வாய்

காற்று. ஆனிக் காற்றுக்கு வெட்கம் மானம் கிடையாது. காயப் போட்ட துண்டை அடுத்த தெருவில் போய் எடுத்து வந்தேன். கடை ஷட்டர் நாள் முழுக்கத் தடதட.

வேலை: அன்னூர்க்காரர் போர்வெல் மோட்டார், 5 ஹெச்.பி. காயில் முழுக்கக் கருகல். பழைய கம்பியைப் பிடுங்கியாயிற்று. நாளை சுற்ற வேண்டும்.

காரமடை வாத்தியார் மாமா போன். என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் பேசுவது என்னவோ எப்போதும் என்னோடுதான். பெங்களூரில் மகன் வீட்டோடு போகிறாராம். ஆடியில் வீடு மாற்றக்கூடாது, அதற்குள் கிளம்ப வேண்டும். காரை என்ன செய்வது என்று யோசனை.

"வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலெ கண்ணு. நீங்க எடுத்துக்கிட்டா நம்ம ஊட்டுலயே இருக்கற மாதிரி."

சின்ன வெள்ளைக் கார். கோயிலுக்கும் பாங்குக்கும் போய் வந்ததைத் தவிர ஒன்றும் அறியாத வண்டி.

எனக்கு வேண்டும். இதை இங்கேயாவது வெளிப்படையாக எழுதி வைக்கிறேன். மாசி மாதம் பைக்கில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வரும்போது இவர் விழுந்தாரே, அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்தது. இனி பைக்கில் மோட்டார் ஏறினால் நான் ஒரு காயிலும் சுற்ற மாட்டேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். தோள் எலும்பு கூடிவிட்டது, சரி. ஒவ்வொரு மோட்டாருக்கும் வாடகை வண்டி பிடித்துக்கொண்டே இருக்க முடியுமா? போன வாரம் பைக்கில் மோட்டார் கட்டுகிற பழைய கயிற்றை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

சாயங்காலம் காரைப் பற்றிச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். "பாக்கலாம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஜூன் 26, வியாழன்

தூறல். பொடி.

அன்னூர் மோட்டார் சுற்றி முடித்தேன். விரல் நுனி எரிகிறது. வார்னிஷ் காய இரண்டு நாள்.

இவருடைய ஆட்சேபணைகள், இதுவரை: வண்டி தரையோடு தரையாக இருக்கிறது, தோட்டத்துத் தடத்தில் அடிவயிறு உரசும். மோட்டார் உள்ளே போகாது. போனாலும் சேறும் எண்ணெயும் ஆகி வண்டி நாசம். வெள்ளை நிறம் அழுக்கு தெரியும். (கறுப்பாக இருந்திருந்தால் வெயில் இழுக்கும் என்றிருப்பார்.) காங்கேயத்துக்கு என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனால் சீர்த்தட்டு எங்கே வைப்பது?

கடைசியாக ஒன்று சொன்னார், அதில் மட்டும் நியாயம் இருந்தது.

"கார் வாங்குனம்னு தெரிஞ்சா வீதியில ஒவ்வொருத்தரும் நானும் வாரேன்னு ஏறுவாங்க. அஞ்சு பேர் வண்டியில எட்டுப் பேரு. என்னால மாட்டேன்னு சொல்ல முடியுமா புள்ள?"

முடியாது. அது எனக்கே தெரியும். கூரியர்காரனைக் கூட காபி குடிக்காமல் அனுப்பமாட்டார்.

கவி காலேஜிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க காருக்கு மாப்பிள்ள பாக்கற மாதிரி குறை சொல்றீங்க" என்றாள். சிரிக்கவே இல்லை அவர். சிரிக்கிற ஆள்தான்.

ஜூன் 29, ஞாயிறு

மேகமூட்டம். வாடகை வண்டியில் அன்னூர் மோட்டாரை ஏற்றினோம், ஆனால் அன்னூருக்கு அல்ல. முதலில் காரமடைக்கு. யோசனை என்னுடையது. காருக்குள் போகுமா போகாதா என்று வாய்ப்பேச்சு எதற்கு, ஏற்றியே பார்த்துவிடலாம்.

மாமா வீட்டு அத்தை வாசலில் நின்று மோட்டாரைப் பார்த்த பார்வை! பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாட்டைக் கூட்டி வந்த மாதிரி. ஆனாலும் உள்ளே போய் பழைய பாயை எடுத்து வந்து அவரே பின்னால் விரித்தார்.

அளவு (டேப் வைத்து):
பின் சீட்டை மடக்கினால் மோட்டார், பம்ப் இரண்டும் தனித்தனியாக, படுக்கை வாட்டில். கதவு மூடுகிறது.
சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் ஆறு தட்டு. மிச்சம் மடியில்.
கவியின் முழங்கால், முன் சீட்டில் இடிக்கவில்லை.
மோட்டாரோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் நாலு விரல் இறங்குகிறது. தடத்தில் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவே.

வேலை நாளில் மோட்டாரும் இரண்டு ஆளும். விசேஷ நாளில் நாங்கள் மூவரும் தட்டும். இரண்டும் ஒரே நாளில் வராது. எனக்குக் கணக்கு முடிந்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் மாமா. மேட்டுப்பாளையம் ரோட்டில் நேராக ஒரு மூன்று கிலோமீட்டர். அழகாக ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் டிரைவர் வேலை பார்த்தவர்தானே. நான் பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு போனேன். முடி வெட்ட வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறார் இன்னமும்.

திரும்புகிற இடத்தில் ஓரம் கட்டி இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார். "மாமா, சித்தெ நீங்க ஓட்டுங்க. சத்தம் எப்பிடின்னு பக்கத்துல உக்காந்து கேக்கறேன்." மோட்டார்க்காரர், சத்தத்தில்தானே நோய் கண்டுபிடிப்பார். எனக்குப் பெருமை.

விலை: பேசவில்லை. மாமா "நீங்க பாத்துக் குடுங்க". இவர் "நீங்க சொல்றதுதானுங்க". மூன்று டம்ளர் காபி குடித்தும் யாரும் ஒரு எண்ணைச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டோம். அங்கிருந்து வாடகை வண்டியில் போய் மோட்டாரை அன்னூரில் இறக்கினோம்.

ஜூலை 1, செவ்வாய்

வெயில், ஆனால் சூடு இல்லை.

கவியே மாமாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "தாத்தா, இவங்க ரெண்டு பேரும் கேக்கமாட்டாங்க, நீங்களும் சொல்லமாட்டீங்க. அதுக்குள்ள ஆடி வந்துரும். ஒரு வெல சொல்லுங்க." சொல்லிவிட்டாராம், அதுவும் நிம்மதியாக. எங்களால் முடிகிற தொகைதான். மூன்று பெரியவர்கள் ஒரு நாள் முழுக்கச் செய்ய முடியாததை இருபது வயதுப் பெண் அரை நிமிடத்தில்.

இவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே பேரிங் துடைத்தார்.

"பாக்கலாம்."

கோபம். சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கு என்ன, நகையா கேட்டேன்? புடவையா? இந்த மனுசன் இன்னொரு முறை ரோட்டில் விழக்கூடாது என்பதற்குத்தானே.

ஜூலை 3, வியாழன்

மழை இல்லை. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குத் தாமிரக் கம்பி வாங்க டவுனுக்கு பஸ் ஏறினேன். கேட்ட கேஜ், அந்தக் கனத்துக் கம்பி, வரவில்லை, மத்தியானம் வாருங்கள் என்றார்கள். திரும்பிவிட்டேன். முன்னால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று பின்பக்கமாக வந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பெரிய குண்டான் மூடி, விசேஷத்துக்கு எடுக்கிற அலுமினிய மூடி. இரண்டு கையிலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இடது பக்கம் திருப்புகிறார். வலது கை மேலே வர வேண்டும். பாதி வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறார். நிற்கிறது. மூடியை மடியில் வைத்துவிட்டு இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிவிடுகிறார். மறுபடி மூடி. மறுபடி.

எத்தனை நாளாகவோ.

நான் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். மோட்டாரை, டிக்கியை, தட்டை, கவியின் முழங்காலை. ஓட்டப்போகிற ஆளை அளக்கவே இல்லை. அன்றைக்குத் திருப்பத்தில் இறங்கினது டயருக்கா? நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

பையைக் கீழே வைத்த சத்தத்தில் திரும்பிவிட்டார். மூடியை ஒளிக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய மூடியை எங்கே ஒளிப்பது?

"மேல போக மாட்டீங்குது புள்ள. நேரா ஓட்டலாம். திருப்ப முடியறதில்ல."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்னுங்க?"

"நீ ஆசப்பட்டுப்போட்ட. எனக்கோசரம் ஆசப்பட்டுப்போட்ட. ஓட்ட முடியாதுன்னு எந்த வாயில சொல்றது? ஆடிக்குள்ள பழகிரும்னு பாத்தேன்."

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். அழுகையும் திட்டும் சேர்ந்து வந்தது, என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு தேங்காய் எண்ணெய் காய்ச்சித் தோளில் தேய்த்துவிட்டேன். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். யோசித்தால், இரண்டு மாதமாகவே ஏதாவது சாக்குச் சொல்லி என்னைத்தான் போடவிட்டுக்கொண்டிருக்கிறார். நான் கொஞ்சல் என்று நினைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காற்று திரும்பவும்.

டாக்டரிடம் போனோம். எலும்பு சரி, தோள் இறுகிவிட்டதாம். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மாதக் கணக்கில் ஆகும், முழுக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது. குண்டான் மூடி வேண்டாம் என்று நானே டாக்டரிடம் சொன்னேன். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "கார் எடுக்கறோம். நான் ஓட்டறேன்."

"நீயா?"

"ஏனுங்க, இருபது கேஜ் கம்பிய அறுபது சுத்து பிசகாம சுத்தறேன். ஒரு சக்கரத்தச் சுத்த முடியாதா?"

முதல் முறையாகச் சிரித்தார். இரண்டு வாரத்தில் முதல் முறை. கவி அப்போதே ஓட்டிப் பழக எல்.எல்.ஆருக்கு ஆன்லைனில் பதிந்தாள். போட்டோவில் நான் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

எல்.எல்.ஆர். வந்தாயிற்று. மாமாவே ஓட்டி வந்தார், கார் வீட்டு வாசலில். மாமா சாவியைக் கொடுக்கும்போது பானெட்டை ஒரு தரம் தடவிக்கொண்டார். அத்தை அந்தப் பாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

எலுமிச்சம்பழம் நசுக்க மட்டும் இவர் ஓட்டினார், நேராக ஆறு அடி.

ஜூலை 13, ஞாயிறு

மூடாக்கு. ரோட்டுக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட காலி இடத்தில் நாலாவது நாள் பழக்கம். சொல்லிக்கொடுப்பவர் இவர்தான்.

பழகினது: முதல் கியர், இரண்டாம் கியர், எல்லைக்கல்லில் மோதாமல் திரும்புவது (ஒரு கல் தவிர).
பழகாதது: மேட்டில் நிறுத்தி எடுப்பது. ரிவர்ஸ். பின்னால் ஆரன் அடிப்பவனைத் திட்டாமல் இருப்பது.

இவரிடம் மோட்டார் வேலையில் இருக்கிற பொறுமை, இதில் சுத்தமாக இல்லை. "கிளட்ச்ச உடு, உடு, உடாத!" எதைக் கேட்பது? வண்டியை நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி நடந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார். "ஏ சாந்தா, இனிமே பேசல. வா." பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் பேசினார்.

ஒன்று கவனித்தேன். நான் திருப்பும்போதெல்லாம் அவருடைய கையும் மடியில் திரும்புகிறது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. காலையிலேயே தூறல்.

முதல் மோட்டார், காரமடைக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. பின்னால் பாய், சாக்கு, அதன்மேல் மோட்டார். முன்னால் நான். கண்ணாடியில் சிவப்பு எல். பக்கத்தில் இவர், லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. இரண்டாம் கியரிலேயே முக்கால் தூரம். பஸ்காரன் ஆரன் அடித்தான், திட்டினேன், உள்ளுக்குள்தான்.

தோப்புக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். இவருக்குப் பழக்கம். மாசியில் விழுந்த செய்தி அப்போதே கேட்டவர். நான் வண்டியைத் திருப்பி நிறுத்த மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அம்மணிய ஓட்ட உட்டுப்போட்டு நீங்க ராசாவாட்டம் உக்காந்து வாரீங்க?"

நான் பதில் தயாராக வைத்திருந்தேன். பழகுவதற்காக நானே கேட்டேன், இவருக்குத் தூக்கம் சரியில்லை, இப்படி மூன்று நான்கு. மாசியிலிருந்து யார் கேட்டாலும் "கை சரியாப் போச்சுங்க" என்று சொல்லி வந்த மனிதர். டாக்டரிடமே முதலில் அப்படித்தான் சொன்னார்.

வாயைத் திறப்பதற்குள் இவர் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"எனக்குக் கை தூக்க முடியறதில்லீங்க. இனிமே எங்க ஊட்டுலதானுங்க ஓட்டறாங்க."

சத்தமாக, மழையில் அவருக்குக் கேட்கிற மாதிரி.

கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது.