இடக்கையைப் பற்றிய என் சாட்சி

அன்புள்ள ராஜி அக்காவுக்கு,

அக்கா என்று உங்களை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் 'மிஸிஸ் ராஜேஸ்வரி'. விசாரணை அறையில் 'அந்தச் சிகிச்சையாளர்'. நீங்களோ முதல் நாளே என்னைத் தம்பி என்றீர்கள். இப்போது கூப்பிடுகிறேன். கேட்கிறதா?

மெல்பேணில் குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தி இது: நேற்று அம்மா சோற்றை வாய்வரை கொண்டுபோனார். வலக்கையால். பாதி மடியில் விழுந்தது. மீதி உள்ளே போனது. விழுந்ததைப் பார்த்து, "ராஜிப்பிள்ளை இருந்தால் இதையும் பொறுக்கு எண்டிருப்பாள்" என்றார். 

கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை பஜனை வீடுகளில் உங்களைப் பற்றி ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. நோயாளிக் கிழவியைப் பட்டினி போட்டவள். விசாரணையில் பொய் சொன்னவள். அந்தக் கதை என்னிடமிருந்துதான் கிளம்பியது. அதே வீடுகளில் வாசிக்கப்படும் இந்தப் பத்திரிகையில்தான் அதை நான் முடிக்கவேண்டும்.

அம்மா இங்கே வந்த முதல் குளிரிலேயே பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி உங்களை வீட்டுக்கு அனுப்பியது. தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று நான் சொல்ல, அம்மா உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசிலை எனக்கு என்ன வேலை எடுத்துத் தரப்போறாய் பிள்ளை?"

"பெரிய வேலைதான் அம்மா. பொத்தான் பூட்டுறது, சீப்பாலை தலை இழுக்கிறது, சாப்பிடுறது. சம்பளம் மட்டும் இல்லை."

அம்மா சிரித்தார். வாய் ஒருபக்கமாகக் கோணியது. அதுவும் சிரிப்புத்தான் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

டொக்டர் எழுதிய முறை எளிமையானது. வலக்கை இனி வராது, இடக்கையைப் பழக்கு. அதற்கென்று தடித்த பிடி வைத்த கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு. அம்மா வாயை மூடிக்கொண்டார். நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பினார். உடம்பு வற்றிக்கொண்டே போனது. எனக்கு எரிச்சல். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பிக்கிறவன் நான். வலமாவது இடமாவது, எல்லாம் தசையும் நரம்பும்தானே என்றேன்.

ஒருநாள் வகுப்பு நடக்கவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். குசினி வாசலில் நின்றேன்.

அம்மா கதிரையில். முகம், கழுத்து, சட்டை எல்லாம் சோறு. கண்ணீர். கரண்டி அலமாரியின் உச்சியில், எட்டாத உயரத்தில். நீங்கள் அவருடைய வலது முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு நின்றீர்கள். ஊட்டவில்லை.

"விடாதேங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம்."

"ஏலாது பிள்ளை."

"ஏலும். கை வராட்டில் சோறும் வராது. நீங்கள் சொன்ன கதைதானே?"

அந்தக் கடைசி வார்த்தைகள் என் காதில் விழுந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. கத்தினேன்.

"தம்பி, கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ," என்றீர்கள். "அம்மா சாப்பிடுறா."

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு முறைப்பாடு எழுதினேன். ஆஸ்பத்திரி அதை உங்கள் சிகிச்சையாளர் சங்கத்துக்கு அனுப்பியது. உங்களுக்குத் தெரிந்ததுதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த மாநிலத்தில் உங்கள் தொழிலுக்கு அரசாங்க உரிமம் என்று ஒன்று இன்னும் இல்லை. சங்கத்துப் பதிவுதான் உரிமம். அதில் பெயர் இல்லாதவரை உங்கள் ஆஸ்பத்திரி வேலையில் வைத்திருக்காது.

விசாரணைக்கு முதல்நாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நான்தானேடா கேட்டனான். கரண்டியை எடுத்து ஒளி, அழுதாலும் தராதை எண்டு. அந்தக் கையாலை நான் சாப்பிடுறதே?"

"சவுக்காரம் போட்டுக் கழுவினால் அதுவும் கைதான் அம்மா."

"உனக்கு விளங்காது. உனக்கு இங்கிலீசிலைதான் எல்லாம் விளங்கும்."

விளங்கியது, அக்கா. அதைத்தான் இங்கே எழுதவேண்டும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த அறைக்கு வந்தேன்.

நீண்ட மேசை. ஐந்து பேர். தேநீர், ஒரு தட்டில் பிஸ்கட். டொக்டரின் முறையை அவரிடம் கேட்காமல் மாற்றியது பிழை என்று நீங்களே முதலில் ஒத்துக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: நோயாளிதான் அப்படிக் கேட்டார், எங்கள் ஆட்கள் இடக்கையால் உண்பதில்லை. சங்கத்துத் தலைவி நல்ல மனிதர். அவரிடம் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டா?"

நீங்களும் என்னைப் பார்த்தீர்கள்.

ஓம், உண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன்?' அதற்குப் பதில் சொல்லவேண்டும். நாங்கள் கக்கூசில் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அந்தக் கையால் கழுவுகிறவர்கள். அந்தக் கை சோற்றுக்கு வராது. இவ்வளவுதான். மூன்று வசனம். ஆனால் மேசையின் மறுபக்கத்தில் ஒருவர் இடக்கையால் பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை," என்றேன். "அம்மா பிடிவாதக்காரி. அவ்வளவுதான்."

நீங்கள் மறுத்துப் பேசவில்லை. மடியிலிருந்த கைப்பையை நேராக வைத்தீர்கள். ஏன் பேசவில்லை? அம்மாவின் மானத்துக்காகவா? என்னுடையதுக்காகவா? இல்லை, சொந்த மகனே இல்லை என்றபிறகு யார் நம்பப்போகிறார்கள் என்றா?

முறையை மாற்றியதற்கு ஒரு கண்டனத்தோடு விட்டிருப்பார்களாம். இல்லாத வழக்கத்தைச் சொல்லித் தப்பப் பார்த்தார் என்பதற்காகத்தான் ஒரு வருடம் பெயரை நீக்கினார்கள். என் 'இல்லை'யின் விலை அது. அதைக் கொடுத்தது நீங்கள்.

டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனீர்கள். ஒருமுறை ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்தீர்கள், நினைவிருக்கிறதா? நான் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்தேன். நீங்கள் பத்திரிகையோடுதான் பேசினீர்கள்.

"அம்மா சாப்பிடுறாவோ தம்பி?"

"கொஞ்சம்."

"முழங்கையைப் பிடியுங்கோ. கையைப் பிடியாதேங்கோ. கை தன்ரை வழியைத் தானே பிடிக்கும்."

அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டீர்கள். அது நீங்கள் இறங்கவேண்டிய இடம்தானா?

அன்றிலிருந்து பிடிக்கிறேன். முழங்கையை. நேற்று வாய்வரை வந்தது அப்படித்தான். நீங்கள் சொன்னபடி பிடிக்கிறேன் என்று உங்களிடம் சொல்ல வரவேண்டும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஒரு காலையில், பெட்டிகளுக்கு நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டீர்கள். பெயர் திரும்ப வருமுன்பே.

மரணச்சடங்கில் உங்கள் மகள் நளினி என்னிடம் வந்தாள். பள்ளிச் சீருடைக் கோட்டு. நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"அம்மா அங்கே பொய் சொன்னாவா?"

பிறகு கதைப்போம் என்றேன். கேட்டீர்களா அக்கா? இரண்டாம் முறையும். உங்கள் உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு.

அவளுடைய கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. வகுப்புக்கும் வந்தது. கடைசியில் சங்கத்துத் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். இறந்தவரின் பெயரைப் பதிவில் சேர்க்க விதி இல்லை என்றார். ஆனால் சாட்சி வந்து தன் வாக்குமூலத்தைத் திருத்தினால் தீர்ப்பைத் திருத்தலாம், பொய் சொன்னார் என்ற வரியை எடுக்கலாம் என்றார். எதைப் பற்றி வாக்குமூலம் என்று கேட்டார்.

"கைகளைப் பற்றி," என்றேன்.

அம்மா அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நானும் வாறன்."

"நீங்கள் எதுக்கு அம்மா?"

"நீ அங்கை போய் இன்னொருக்கா இல்லை எண்டு சொன்னால்?"

அவருடைய கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தேன்.

"சோறும் பருப்பும் கட்டு," என்றார். "அவையள் தேத்தண்ணி குடிக்கேக்கை நான் சாப்பிடுறன். பாக்கட்டும்."

நளினியையும் கேட்டேன். வருகிறேன் என்றாள். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னாள்.

அக்கா, இது என் வாக்கு. தலைவி 'ஏன்' என்று கேட்பார். மூன்று வசனத்தையும் சொல்வேன், ஒரு சொல்லையும் பூசி மெழுகாமல், உங்கள் மகளின் முகத்தைப் பார்த்து. பிறகு அம்மாவின் முழங்கையைக் கீழிருந்து தாங்குவேன். பாதிச் சோறு அவர்களுடைய மேசையில் விழும். விழட்டும். அவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, அதை நான் பொறுக்குவேன்.

நீங்கள் தம்பி என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காத
உங்கள் தம்பி,
முரளி