பெண் கேட்கும் காட்சி

சென்னை,
18.1.1995

அன்புள்ள துளசிமணிக்கு,

நலம். எங்கள் டைரக்டர் அடுத்த படத்தின் காதல் காட்சிகளை வரிசைப்படுத்தும் வேலையை என்னிடமே விட்டுவிட்டார். முதலில் பார்ப்பது, பிறகு பேசுவது, சண்டை, பிரிவு, கடைசியில் சேர்வது. சூலூர் பஸ்ஸில் உன் டிபன் பாக்ஸ் என் மேல் கவிழ்ந்ததைத்தான் முதல் காட்சியாக வைத்திருக்கிறேன். ரசத்தைக் கொட்டியது நீ, திட்டு வாங்கியது நான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சண்டைக்குத்தான் நல்ல காரணம் அகப்படவில்லை. ஏதாவது தோன்றினால் எழுது, கண்ணு.

உன்,
நாச்சிமுத்து

சூலூர்,
25.1.1995

ஏனுங்க,

சண்டைக்கா காரணம் கிடைக்கவில்லை? பொங்கலுக்குத் துடியலூர் வரை வந்தவர், சூலூருக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு வராமலே ரயிலேறினீர்களே, அதை எழுதுங்கள். பேசுவதற்கும் பிரிவதற்கும் நடுவில் பெண் கேட்டு வருவது என்று ஒன்று உண்டு. உங்கள் வரிசையில் அதை மட்டும் காணோம்.

பல்லடத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் அப்பா பூக் கேட்கிறார். வெள்ளையும் சிவப்பும் தனித்தனியாகக் கட்டிய இரண்டு பொட்டலத்தில் ஒன்றை ஒரு குழந்தை எடுக்கும், அதில் வெள்ளைப் பூ இருந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் இருவர் கூட்டமும் வேறுதான், பங்காளி முறை வராது, பெண் கேட்டால் தப்பில்லை. அதற்குள் வந்துவிடுங்கள். பதிலை எப்போதும் போல என் சிநேகிதி சாஜிதா பேகம் வீட்டுக்கே போடுங்கள்.

துளசிமணி

சூலூர்,
4.2.1995

ஏனுங்க,

நீங்கள் வரவில்லை. நேற்றுப் பூக் கேட்டதில் சிவப்பு வந்தது. அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது.

பொட்டலம் கட்டியது நான்தானுங்க. இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன். சாமியையே ஏமாத்திப்போட்டேனே என்று ராத்திரி விளக்கை அணைக்கவே பயமாக இருந்தது. உங்களுக்காகத்தான் செய்தேன். வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கத்துவார். கத்தட்டும், நீங்கள் நகராமல் நின்றால் போதும்.

துளசிமணி

சென்னை,
20.2.1995

அம்மணி,

உன் கடிதத்தை டைரக்டருக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். இடைவேளைக்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறார். இனி வசனமும் நான்தான். அதன்பின் கதாநாயகி நாலு வருஷம் காத்திருக்கிறாள், அவன் பெரிய ஆளாகத் திரும்பி வருகிறான், தியேட்டரே அழும். நீயும் கொஞ்சம் பொறுத்துக்கொள். படம் வந்ததும் காந்திபுரத்தில் சேர்ந்தே பார்ப்போம்.

ஒரு சந்தேகம். மீதிப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்காமல் எப்படி மறைத்தாய்? காட்சிக்கு வேண்டும். சீக்கிரம் எழுது.

உன்,
நாச்சிமுத்து

சூலூர்,
11.3.1995

திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

சாமி கும்பிடுகிற மாதிரி குனிந்து, மீதிப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பயந்து நடுங்கி எழுதியதை முன்பின் தெரியாதவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நீங்களோ என்று இத்தனை நாளும் எழுந்து எழுந்து போனேன். இப்போது போவதில்லை.

போன வாரம் அவிநாசியிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "உங்க பொண்ணைப் புடிச்சிருக்குதுங்க, எனக்குக் குடுங்க" என்று அவரே கேட்டார். பெரியவர்களைக் கூட்டி வராமல் தானே கேட்பதா என்று அப்பா கத்தினார். அந்த மனிதர் நகரவில்லை.

நேற்றுப் பூக் கேட்டார்கள். பொட்டலம் இந்த முறையும் நான்தான் கட்டினேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன்.

துளசிமணி