வியன்னாவில் தலையாட்டியது

என் முன்கோபக்காரனுக்கு,

வியன்னாவில் சண்டை போட்டுக்கொண்டு நடைமேடையிலேயே நின்றுவிட்டேன். ரயில் ஜன்னலிலிருந்து நீ, "போதும்டி கோபம், என்கூட ஊருக்கு வர்றியா?" என்று கத்தினாய். தலையை மேலும் கீழும் ஆட்டினேன். பத்து நாளாக வெளியூர்க்காரர்களிடம் ஆட்டிப் பழகிப்போன 'ஆமாம்' அது. நம் பல்கேரியாவில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பதே மறந்துவிட்டது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், ரயில் கிளம்பிவிட்டது.

நீ போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு வரவும் பயம். மீதி ஊர்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று பிராகில் ஓர் உணவகத்தில், "ஒருத்தர்தானா?" என்று கேட்டார்கள். இனித் தப்பு செய்யக் கூடாதென்று, நம்மூர் வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன்.

எதிரே உனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனார்கள். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அவசரக்காரி