விண்ணப்பதாரரால் திரும்பப் பெறப்பட்டது

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

போன்ல பேசினா அண்ணி பக்கத்துலயே நிக்கறாங்க, அதான் எழுதறேன். நீங்க இங்கே வர்றதுக்கான பயண அனுமதி இன்னும் வரலைன்னு அண்ணன் சொல்றான். எல்லாருக்கும் மூணே நாள்ல வந்துடுது! ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டது அண்ணிதானே? பாஸ்போர்ட் எண்ணை வேணும்னே மாத்தி அடிச்சிருப்பாங்களோன்னு இருக்கு. மே கடைசியில எனக்குப் பிரசவம். என் மூத்தவளை யார் பார்த்துப்பா?

உங்க சின்னவள்

மார்ச் 12

கண்ணு,

கடிதம் கிடைச்சது. எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. வர்றப்போ வரும். அண்ணியை ஒண்ணும் சொல்லாதே, பாவம். கால் வீக்கம் வடிஞ்சுதா?

அம்மா

மார்ச் 21

அம்மா,

உங்க விவரத்தைப் போட்டு நானே அந்தத் தளத்துல பார்த்துட்டேன். அனுமதி பிப்ரவரி இருபதாம் தேதியே வந்தாச்சு! இருபத்துநாலாம் தேதி காலை பதினொன்றரைக்கு 'விண்ணப்பதாரரால் திரும்பப் பெறப்பட்டது'ன்னு இருக்கு. உங்களுக்கு மெயில் திறக்கவே தெரியாது. ஓடிபி உங்க போனுக்குத்தான் வந்திருக்கும். அந்த போனை எடுத்தது யார்? நீங்க கிளம்பிட்டா அங்கே சமையல் யார் செய்வான்னு அண்ணிக்குப் பயம். நேத்து போன்ல அண்ணியை நேராவே கேட்டுட்டேன், வாய்க்கு வந்தபடி. ஒரு வார்த்தை பதில் இல்லை. தப்பு செய்யாதவங்க ஏன் வாயை மூடிக்கணும்?

சின்னவள்

மார்ச் 30

கண்ணு,

கடிதம் போய்ச் சேர ஒன்பது பத்து நாள் ஆகும். அதுக்குள்ள நீ இன்னும் யாரையாவது திட்டுவே. அதான் மெயில் அனுப்பறேன். ஆமா, இந்த மெயில் நானே அடிச்சதுதான்.

கண் ஆஸ்பத்திரியில பதிவு மேசையில வேலைக்கு உட்கார்ந்து எட்டு மாசமாச்சு. ஒரு நாளைக்கு அறுபது பேர் விவரம் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். பகல்ல என்ன செய்யறேன்னு நீ கேட்டதே இல்லை. அன்னைக்குப் பதினொன்றரைக்கு அண்ணி அவ ஆபீஸ்ல இருந்தா. அனுமதியைத் திரும்பக் கொடுத்தது நான்தான்.

போன தடவை ஆறு மாசம் உன் வீட்ல இருந்தேன். ஜன்னல்ல நின்னு பஸ்ஸைப் பார்த்தேனே தவிர, ஒரு தடவை ஏறினதில்லை. வர மாட்டேன்னு உன் முகத்துக்கு நேரா சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அண்ணிகிட்ட கேட்டுக்கிட்டேன். நீ திட்டினப்போ போனைக் காதுல வச்சுக்கிட்டு என்னையேதான் பார்த்தா. அப்பவும் நான் வாயைத் திறக்கலை. அது உன் தப்பைவிடப் பெரிசு.

புதுசா விண்ணப்பம் போட்டிருக்கேன். பிரசவத்துக்கு மூணு வாரம் வர்றேன், அதுக்கு மேல லீவு கிடையாது. முதல்ல நீ அண்ணிகிட்ட பேசு. பேசிட்டேன்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம்தான் டிக்கெட் எடுப்பேன்.

அம்மா