தாண்டிய பிறகு சொல்லச் சொன்ன ராஜாமணி அக்காவுக்கு

விசிலைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைக் கேளுங்கள், என் அன்பு அக்கா!

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் மகள் செல்வி தொலைபேசியில் சொன்னபோது நான் கோயம்புத்தூரில், மகன் வீட்டில், கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு படுத்திருந்தேன். வர முடியவில்லை. போன வாரம்தான் காரைக்குடி திரும்பினேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை ஊரறியச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தனியாகச் சொன்ன போதெல்லாம் "அட, விடு கமலா" என்று தட்டிவிட்டீர்கள். நாலு பேர் கேட்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

அறுபதுகளின் கடைசி அது. நம் பெண்கள் பள்ளியில் நீங்கள் டிரில் டீச்சர், நான் புதிதாக வந்த இங்கிலீஷ் டீச்சர். அதுவும் தற்காலிகம். ஆய்வுக்கு வரும் அம்மா என் வகுப்பைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை நிலைக்கும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். தச்சு வேலை பார்த்த என் அப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டிருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். அந்த வேலையை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை.

ஆனால் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். கோ வென்ட், கம் கேம், சிட் சாட் என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். "நேற்று எங்கே போனாய்?" என்று இங்கிலீஷில் கேட்டால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் இன்னும் உரக்க ஒப்பிக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் சன்னலுக்கு வெளியிலிருந்து உங்கள் தலை எட்டிப் பார்த்தது.

"ஏத்தா கமலா, காலையிலிருந்து வென்ட்டு வென்ட்டுன்னு கத்துதுக. ஒருத்தியும் எங்கிட்டும் போகக் காணோமே?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. ஓய்வறையில் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் உங்கள் ஊர்ப் புதுவயலிலிருந்து பஸ்ஸில் வரும்போது சேலையில் ஒட்டிய அரிசி மில் தவிட்டைத் தட்டிக்கொண்டே கேட்டீர்கள். "அந்த வென்ட்டுன்னா என்னா?"

"போனேன்னு அர்த்தம்க்கா."

"அப்ப போக விடேன். நாளைக்குச் சாயங்காலம் என் பீரியடுக்குக் கூட்டிட்டு வா."

மறுநாள் வேப்பமரத்தடியில் இரண்டு பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஓடிவந்து தாண்டினாள். நான் சொல்லிக் கொடுத்தேன்: "ஐ ஜம்ப்டு ஓவர் த ரோப்." அடுத்தவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்: "ஐ வென்ட் அண்டர் த ரோப்." மைதானத்தைக் குறுக்கே கடந்தவளுக்கு அக்ராஸ், மரத்தைச் சுற்றியவளுக்கு அரவுண்ட், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் போனவளுக்குப் பாஸ்ட். தமிழில் நாம் முதலில் இடத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு நிற்கிறோம்: மரத்தடியில் நின்றேன். இங்கிலீஷில் முதலில் நின்றுவிட்டு, பிறகு இடத்தைச் சொல்கிறார்கள்: ஐ ஸ்டுட் அண்டர் த ட்ரீ. கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டும் ஏறாத இது, கால் வழியாக ஏறியது.

அன்றைக்கு நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள், நினைவிருக்கிறதா? ஜைனம்பு கயிற்றை நோக்கி ஓடிவரும்போதே "ஐ ஜம்ப்டு" என்று ஆரம்பித்தாள். உங்கள் விசில் காதைப் பிளந்தது.

"நில்லுடி! இன்னும் தாண்டவே இல்ல, அதுக்குள்ள தாண்டிப்புட்டேங்கிறே? பொய்யில்ல அது? செஞ்சுட்டு வந்து சொல்லு."

அதிலிருந்து அதுவே சட்டம். செய்யாததை யாரும் சொல்லக் கூடாது. நீங்களும் அதற்குக் கட்டுப்பட்டீர்கள். காலையில் ஓய்வறைக்குள் நுழையும்போதே, "ஐ காட் இன்டு த பஸ். ஐ ஸ்டுட் ஆன் ஒன் லெக்" என்பீர்கள். "ஒத்தக் கால்லயா வந்தீக?" என்று தையல் டீச்சர் சிரித்தால், "இன்னொரு காலு மேல ஒரு நெல்லு மூட்டை இருந்துச்சு. அதுக்கு இங்கிலீஷ்ல என்னா கமலா?" என்று என்னைக் கேட்பீர்கள். நான் சொல்லிக் கொடுத்த வேகத்துக்கு நீங்கள் கற்றுக்கொண்டீர்களா, நீங்கள் கேட்ட வேகத்துக்கு நான் கற்றுக்கொண்டேனா?

ஆய்வு நாள் வந்தது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை. முதல் வரிசையில் இருந்த ஜைனம்புவைப் பார்த்து, இன்று காலை என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஜைனம்பு எழுந்தாள். என்னைப் பார்த்தாள். பயத்தில் காலையில் செய்ததெல்லாம் மறந்துபோயிருக்கும் போல. எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது.

பிறகு அவள் இடத்தை விட்டு வெளியே வந்தாள். ஆய்வாளர் அம்மாவின் நாற்காலியை ஒட்டி நடந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

"ஏய், எங்கிட்டுப் போறவ? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம!" தலைமையாசிரியை எழுந்துவிட்டார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். சன்னல் வழியே பார்த்தால் ஜைனம்பு வேப்பமரத்தைச் சுற்றி ஓடுகிறாள். நீங்கள் மரத்தடியில் வாயில் விசிலை வைத்துக்கொண்டு, ஊதாமல், சிலை போல நிற்கிறீர்கள். அவள் திரும்பி வந்து, மூச்சு வாங்க, தன் இடத்தில் நின்றாள்.

"ஐ வாக்டு பாஸ்ட் யுவர் சேர். ஐ வென்ட் அவுட் ஆஃப் த ரூம். ஐ ரான் அரவுண்ட் த ட்ரீ. ஐ கேம் பேக் டு மை பிளேஸ்."

ஒரு பிழையில்லை. ஆய்வாளர் அம்மா முதலில் திகைத்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இன்னொரு பெண் கை தூக்கினாள். அப்புறம் எல்லோரும். கடைசியில் அந்த அம்மாவே எழுந்து கரும்பலகை வரை நடந்துவிட்டு, "நான் என்ன செய்தேன், சொல்லுங்கள்" என்று கேட்டார்.

போகும்போது, இப்படி நடத்த எங்கே கற்றீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் உங்களைக் காட்டினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எனக்கென்னங்கம்மா தெரியும், பாடம் பூரா டீச்சரோடது. நான் விசிலு மட்டும்தான் ஊதுவேன்."

எனக்கு வேலை நிலைத்தது. அப்பாவுக்கு மருந்து, தங்கைகளுக்குக் கல்யாணம், எழுபதுகளில் என் மகன் பிறந்தபோது மருத்துவமனைச் செலவு, எல்லாம் அந்தச் சம்பளம்தான். இன்றைக்கு வாங்கும் ஓய்வூதியமும் அதன் தொடர்ச்சிதான். பாடத்தில் பாதி உங்களுடையது, அக்கா. அதை இப்போதாவது எழுத்தில் சொல்ல விடுங்கள்.

இங்கே சேதி ஒன்று இருக்கிறது. நேற்று எதிர்வீட்டு மதினி கேட்டார். "புதுவயலுக்குப் போயி துக்கம் கேட்டுட்டு வந்துட்டீகளா டீச்சர்?"

போகவில்லை. ஊருக்கு வந்து ஒரு வாரமாகியும் போகவில்லை. தினமும் சேலையை மாற்றிக்கொள்வேன். கண்ணுக்கு வெயில் ஆகாது என்று திரும்ப உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் இல்லாத அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று கால் எழவில்லை. கேட்டவரிடம் "போயிட்டு வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

காதைப் பிளந்தது உங்கள் விசில்.

சரி அக்கா. நாளைக் காலை செக்காலை நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறேன். புதுவயலில் இறங்கி, மில்களைத் தாண்டி நடந்து, உங்கள் வீட்டுக்குள் வந்து, செல்வியின் பக்கத்தில் உட்காருகிறேன். இதற்கான ஐந்து வாக்கியமும் இங்கிலீஷில் வரிசையாக நாக்கில் நிற்கின்றன. ஒன்றையும் இன்னும் சொல்லவில்லை.

வந்துவிட்டுச் சொல்கிறேன்.

உங்கள் பஸ்ஸுக்குச் சாயங்காலம் உங்களோடு காத்திருந்து பழகிய தங்கச்சி,
கமலா