டெல்லிக்குக் கொண்டுபோன மெழுகுதிரி

அண்ணே,

பள்ளிக்கூடத்து டெல்லி டூரில் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டு, உத்தமபாளையத்தில் கண்ணாடிச் சட்டமும் அடித்து, இன்று எனக்குப் பரிசாகக் கொண்டுவந்தான் என் வகுப்புத் தோழன் சேவியர். படத்தில் பின்னால் இந்தியா கேட் வானத்தை முட்டி நிற்கிறது. முன்னால் பையன்கள் வாயைப் பிளந்து பாடுகிறார்கள். நடுவில் நான், கன்னம் இரண்டையும் பலூனாக்கிக் குனிந்திருக்கிறேன். “டூர்லயே டாப்பு இதுதாம்லே, வீட்டுல மாட்டு” என்றான். ஆணி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நீ எனக்குப் பெரியம்மா மகன் என்பது ஊர்க் கணக்கு. நம் கணக்கில் கூட்டுக் களவாணிகள். தூபக் கலசத்துக் கரியில் நீ காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட, சாமியார் முதல் கடைசி பெஞ்சு வரை இருமியே பூசையை முடித்தார்களே, அன்று உபதேசியார் நம் இருவரையும் வெளுத்த வெளுப்பில், பூசை உதவிக்கு நாம் போட்டிருந்த வெள்ளை அங்கியே தோற்றது. அடி வாங்கும்போதும் நீ அவரைப் போலவே இருமிக் காட்டினாய். அவரும் சிரித்துவிட்டார். “சிரிக்க வச்சிட்டா பாதி அடிதாம்லே விழும்” என்றாய் வெளியே வந்து. நான் மனப்பாடம் செய்த ஒரே பாடம் அதுதான்.

நீ பட்டாளத்துக்குப் போன பிறகு ஊரில் குறும்புக்கு ஆள் பற்றாக்குறை. இரண்டு பேர் வேலையை நான் ஒருவனே பார்த்தேன். பிறகு ஒருநாள், வடக்கே ஏதோ மலைப்பாதையில் உங்கள் லாரி ஆற்றில் விழுந்ததாகச் செய்தி வந்தது. மற்றவர்கள் கிடைத்தார்கள். நீ கிடைக்கவில்லை. உன் தகரப் பெட்டிதான் வந்தது.

கல்லறைத் திருநாளன்று ஊரே தன் தன் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி பரப்பித் திரி ஏற்றும்போது, பெரியம்மாவுக்குக் கழுவ ஒரு கல் கிடையாது. கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில், யாருமில்லாத ஆத்துமாக்களுக்கு ஏற்றுகிற இடத்தில், உனக்கு ஒன்றை ஏற்றிவிட்டு வருவார். “பெத்தவ இருக்கையில எம்பிள்ளைய அனாதைகளோட நிப்பாட்டிட்டேனே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

அதனால்தான் டெல்லி டூர் என்றதும் ஓடி வந்தார். புது மெழுகுதிரி ஒன்றைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“ஏலே, அங்கன பட்டாளத்துல செத்தவுகளுக்குன்னே ஒரு நெருப்பு எரியுதாம்ல? அணையவே அணையாதாம்ல?”

“ஆமா பெரியம்மா. இந்தியா கேட்டுல.”

“அதுல இருந்து பத்தவச்சு, ஓரமா வச்சுட்டு வாலே. அவன் பேரச் சொல்லு. உரக்கச் சொல்லணும்னு இல்ல.”

ஈஸ்டர் இரவில் பெரிய திரியிலிருந்து நம் திரியைப் பற்றவைத்துக்கொள்வதில்லையா, அப்படி என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தி தெரியும் என்றுதான் அறிவியல் சாரைக் கூட்டிப்போனோம். இந்திக்குத்தான் சாரைத் தெரியவில்லை. அவர் ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் நழுவினேன். வளைவுக்கு அடியில், கறுப்புக் கல்லின் மேல் தலைகீழாக ஒரு துப்பாக்கி, அதன் மேல் தொப்பி, பக்கத்தில் நெருப்பு. சுற்றிலும் சங்கிலி. காவலுக்கு நின்ற பட்டாளத்துக்காரரிடம் திரியையும் நெருப்பையும் மாறி மாறிக் காட்டினேன். தலையை மட்டும் அசைத்து, பின்னால் போ என்று விரலைக் காட்டினார். உன் வயதுதான் இருக்கும். மீசையைக்கூட உன்னைப் போலத்தான் வைத்திருந்தார்.

கடலை விற்றவரிடம் தீப்பெட்டி வாங்கி, புல்தரை ஓரத்தில் திரியை ஊன்றி, இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு ஏற்றினேன். நின்று எரிந்தது. உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் பின்னால் சத்தம்.

“ஏலே, இங்கன வாங்கடா! டெல்லியில வந்து திரி ஏத்திக்கிட்டு இருக்கான்!”

“யாருக்குடா பொறந்தநாளு? கேட்டுக்கா?”

“கேக் எங்கலே? கேட்டு இருக்கு, கேக்கு இல்லையே!”

சுற்றி வளைத்துக்கொண்டு ஹேப்பி பர்த்டே பாட ஆரம்பித்துவிட்டார்கள். பலூன்காரர்கூடக் கை தட்டினார். சேவியர் கேமராவைத் தூக்கினான். “ஊதுடா, ஊதுடா!”

எங்க அண்ணனுக்குடா என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் தலை குனிந்து நின்றிருப்பார்கள்; மோசமானவர்கள் இல்லை. ஆனால் சொன்னால் அழுதுவிடுவேன், என்னைப் பார்த்துச் சிரித்தே பழகியவர்கள் நான் அழுவதைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு, அண்ணே, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினேன். ஒரே ஊது. கைதட்டலுக்கு இடுப்பை வளைத்து வணக்கமும் வைத்தேன்.

ஊருக்கு வந்ததும் பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“எரிஞ்சுச்சாலே?”

“எரிஞ்சுச்சு பெரியம்மா.”

“அந்த நெருப்புலதான பத்தவச்ச?”

“ஆமா.”

எனக்கு அங்கேயே சோறு போட்டார். மீன் குழம்பு. தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கொடித் தோட்டத்தில் திராட்சை வெட்டுகிற பெண்கள்கூட என்னை நிறுத்தி, “நல்ல பிள்ளப்பா நீ” என்றார்கள். என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

கல்லறைத் திருநாளும் வந்தது. எல்லார் கையிலும் திரி இருந்தது. பெரியம்மா வெறுங்கையோடு வந்தார். பெரிய சிலுவையைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் அவர் முகம் தெளிந்திருந்து அன்றுதான் பார்த்தேன்.

“திரி வாங்கலையா பெரியம்மா?”

“இனி இங்கன எதுக்குலே? அவனுக்குத்தான் அவுக ஆளுகளோட ஏத்தியாச்சே. அணையாத நெருப்பு.”

ஊரில் ஒவ்வொரு செத்தவருக்கும் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. உனக்கு மட்டும் இல்லை. அனாதைகளோடு இருந்த இடத்தையும் நான் பறித்துவிட்டேன்.

பெரியம்மாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். சங்கிலி, தீப்பெட்டி, பாட்டு, ஊதியது, எல்லாம்.

“விளையாடாதலே” என்றார். என் முகத்தில் சிரிப்பு வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை. மறுபடி ஒருமுறை சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று கிட்டேயே நின்றேன். அவர் தோட்டத்து வாசலுக்குத் திரும்பிப் போய் ஒரு திரி வாங்கி வந்தார். சிலுவையடியில் மண்டியிட்டு ஏற்றினார். காற்று அடித்தது. மறைக்கலாம் என்று நான் கையைக் கொண்டுபோனேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி” என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். வெளியூர் ஆளிடம் சொல்வதைப் போல. அன்றிலிருந்து அப்படித்தான், அண்ணே. “சாப்பிட்டீகளா தம்பி?” “அம்மா இருக்காகளா தம்பி?” எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறார். என்ன கூத்தடித்தாலும் சிரிக்கிறதில்லை, திட்டுகிறதும் இல்லை. நீ சொன்ன அந்தப் பாதி அடியாவது விழும் என்று தினமும் அவர் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறேன். விழுவது அந்த மரியாதைதான். அதை முழுசாக வாங்கிக்கொண்டு போகிறேன்.