பச்சை அட்டையை நான் படிக்கவில்லை

என் வாண்டுக்கு,

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போன வாரம் குடிவந்த சளி மட்டும் காலி பண்ண மாட்டேன் என்கிறது. நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குளியலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாக ஆள் வந்து சரிசெய்தார், அந்தச் சத்தம் நின்றபிறகு இரண்டு நாள் வீடு என்னவோ போல இருந்தது. கீழ்வீட்டு டீச்சர் படியில் பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கேட்கிறார், பொண்ணு எப்ப வருது என்பார், வரும் டீச்சர் என்பேன், இரண்டு வருடமாக எங்களுக்குள் இதே இரண்டு வரிதான். கண்ணாடிக் கடையில் வேலை எப்போதும் போல. வருகிறவர்களின் கையில் பொடி எழுத்து அட்டையைக் கொடுத்து, கடைசி வரி தெரியுதா, இப்ப தெரியுதா என்று கேட்டுக்கேட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அதே கேள்வி வாயில் இருக்கிறது. போன மாதம் லென்ஸ் வெட்டுகிறவர் என்னைப் பார்த்து, ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறீங்க, உங்களுக்கு மட்டும் கை நீளமா இருந்தா போதும்னு நெனப்பா என்று கேட்டுவிட்டார். பில் புத்தகத்தை எவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கும் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது. நாம் சேர்ந்து நடந்தால் அக்கா தங்கையா என்று கேட்பார்களே, இனி அந்தப் பேச்சு இல்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போனில் நீ ஒன்று கேட்டாய், உனக்கு மறந்திருக்கும். ரூம்ல கட்டிலுக்கு அடியில எல்லாம் புத்தகம்தான்மா, மாசாமாசம் வாங்குறேன், ஒண்ணையும் பிரிக்கலை, இது உன்கிட்டேர்ந்து ஒட்டின வியாதி, மருந்தையும் நீயே சொல்லு என்றாய். சிரித்தேன். அதோடு, அடுத்த மாதக் கடைசியில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றும் சொன்னாய், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று. நல்லதுடி என்றேன். சாப்பிட்டியா என்றாய், சாப்பிட்டேன் என்றேன், வைத்துவிட்டாய். வைத்தபிறகு புத்தக அலமாரியின் முன்னால் நின்றேன். மருந்தை உனக்குச் சொல்வதற்கு முன் நானே குடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். உட்கார இடமில்லாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருந்தது, இன்னொன்று மூன்று பிரதி, மூன்றும் வேறு வேறு அட்டை, ஒன்றையும் படிக்கவில்லை. சிலதை எனக்குப் பிடிக்கும் என்று வாங்கியிருக்கிறேன், சிலதைப் பிடித்தால் நன்றாக இருக்குமே என்று வாங்கியிருக்கிறேன், இரண்டாவது வகையை ஒரு பையில் போட்டுக் கீழ்வீட்டு டீச்சரின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தில் படிக்காததை மட்டும் வாங்கிய வரிசையிலேயே அடுக்கினேன், பழையது இடது ஓரம். இடது ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், தாவக் கூடாது, முப்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லையென்றால் அது டீச்சருக்கு. புதிதாக ஒன்றைப் பார்த்து ஆசை வந்தால் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பீரோ கதவில் ஒட்டிவிட வேண்டும், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது அது எதற்கு வேண்டும் என்று நினைவிருந்தால்தான் கடைக்குப் போகலாம். நீயும் செய்து பார். இதுவரை ஒட்டியதில் முதல் நான்கு சீட்டுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது, அதில் மூன்று எதற்கு என்றே தெரியவில்லை, ஒன்றில் என் கையெழுத்தே புரியவில்லை.

பழைய புத்தகக் கடைக்காரர்தான் பாவம். சனிக்கிழமை வேலை முடிந்து அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை, போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். என்ன கண்ணாடியக்கா, உங்க வீட்டு எலியெல்லாம் இந்த வாரம் பட்டினியா என்றார். இருக்கிறதைப் படிக்கப் போறேன் என்றேன். படிக்கவா, அப்ப இத்தனை நாள் வாங்கினதெல்லாம் எதுக்கு, செவுத்துக்கு முட்டுக் கொடுக்கவா என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரமும் வெறுங்கை. அப்போது அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, வாங்கலைன்னா என்ன, உக்காந்து பேசிட்டுப் போங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்காகத்தான் வாங்கியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கையில் ஒரு பொட்டலம் இருந்தால் கதவைத் திறக்கும்போது வீட்டுக்குள் இரண்டு பேராகப் போகிற மாதிரி இருக்கும். உள்ளே போனதும் அதை அலமாரியில் வைத்துவிடுவேன். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், படித்தால் ஓரத்தில் எழுதத் தோன்றும், எழுதினால் பதில் எழுத யாரும் இல்லை.

உன் அப்பா இறந்த வருடம் நினைவிருக்கிறதா, உனக்குப் பதினொன்று. வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒருவர் அழுவதை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று வேறு வேறு அறையில் படித்துக்கொண்டிருப்போம். நீ படித்து முடித்துத் தந்த ஒரு கதைப் புத்தகத்தின் ஓரத்தில், அம்மா இந்த நாய் செத்துப்போகும், முன்னாடியே சொல்லிட்டேன் என்று பென்சிலில் எழுதியிருந்தாய். நான் அதன் கீழே, சொன்னதற்கு நன்றி, ஆனாலும் அழுதேன் என்று நீல மையில் எழுதினேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பென்சில்காரி முதலில் படிப்பாள், மைக்காரி கீழே பதில் எழுதுவாள். நேரில் பேச முடியாததெல்லாம் அங்கேதான் பேசினோம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தேறவில்லை என்பதைக்கூட எவளோ ஒரு ராணியின் கதை ஓரத்தில்தான் எனக்குச் சொன்னாய்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது இதற்குப் பயந்துதான். அலமாரியின் இடது ஓரத்தில் முதலாவதாக வந்து நின்றது அந்தப் பச்சை அட்டை, படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற பெண்ணின் கதை. நீ ஊருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் படித்துவிட்டு, அடுத்தது இதைத்தான் படிக்கணும், வேற எதையும் தொடக் கூடாது என்று என் கையில் கொடுத்தாயே, அதேதான். அதன் பதினான்காம் பக்கத்தில் பென்சில். புதுக் கண்ணாடி இல்லையென்றால் அந்த மெல்லிய எழுத்து எனக்குத் தெரிந்தே இருக்காது. இவளும் உன்னை மாதிரியே பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிறா என்று எழுதியிருந்தாய். அறுபதாம் பக்கத்தில், எனக்கு அந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாதும்மா, பேச யாரு இருப்பா. இன்னும் தள்ளி ஓரிடத்தில், நான் போனப்புறம் சனிக்கிழமைல நீ என்ன பண்ணுவ. கதை முடிந்த பிறகு வரும் வெற்றுப் பக்கத்தில், அம்மா நான் போறது உனக்கு நெஜமாவே பிடிச்சிருக்கா, நேர்ல கேட்டா சிரிச்சு மழுப்பிடுவ, அதான் இங்க கேக்கறேன், பிடிக்கலைன்னா சொல்லு, நான் நின்னுடறேன், எனக்கும் போகணும்னு முழு மனசு இல்ல. அதன் கீழே ஒரு கோடு போட்டு, எனக்காக நாலு விரல் இடம் விட்டிருந்தாய்.

நீ புறப்படுவதற்கு முதல் நாள் ஞாபகம் வந்தது. பெட்டி மூடவில்லை என்று நீ மேலே ஏறி உட்கார்ந்திருந்தாய், நான் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். பச்சை அட்டை படிச்சியாம்மா என்றாய். இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன், கம்பளிச் சட்டைக்கும் காகிதங்களுக்கும் அலைந்ததில் பிரிக்கவே இல்லை, நாளைக்கு ஊருக்குப் போகிறவளிடம் படிக்கவில்லை என்று சொல்லி உன் முகத்தைச் சுருங்க வைப்பானேன் என்று, படிச்சேன்டி, நல்லாதான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். வேற ஒண்ணும் சொல்லத் தோணலையா என்றாய். படித்த மாதிரி இருக்க வேண்டுமே என்று, முடிவுதான் இழுவை, டக்குன்னு முடிச்சிருக்கலாம் என்றேன். நீ பெட்டியிலிருந்து இறங்கினாய். ம் என்றாய். மறுநாள் ரயில் ஜன்னலில் உன் முகத்தைப் பார்த்து, முதல் பயணம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் அந்தக் கடைசிப் பக்கத்தை நீ திறந்து பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் காலியாகக் கிடந்த நாலு விரலையும் என் பதில் என்றே எடுத்துக்கொண்டிருப்பாய். இந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டியா, மழையா, சரி வெக்கறேன் என்று நீ சுருக்கமாகப் பேசியதை, பெரியவளாகிவிட்டாள் என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் உன் வாயை அடைத்தவள் நான்தான். வாண்டு, நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு இழுவை என்று சொல்கிறவள் இல்லை நான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை அதற்காகவே கூப்பிட்டு, குழாய் சரியானதைச் சொல்லிவிட்டு வைத்தேன். நீ சொன்னது சரி, நேரில் நான் மழுப்பிவிடுவேன். நீ கேட்டது எழுத்தில், பதிலும் அங்கேதான் எழுத வேண்டும் என்று போன வாரம் முழுக்க உன் ஒவ்வொரு பென்சில் வரிக்குக் கீழேயும் நீல மையில் எழுதி முடித்தேன். சனிக்கிழமை என்ன பண்ணுவ என்ற இடத்தில் மட்டும் மூன்று நாள் நின்றேன். பச்சை அட்டையைத் தனிப் பொட்டலமாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், உன் கையெழுத்து நாளுக்குள் வந்துவிடும் என்றார் தபால்காரர். ஒருவேளை புத்தகம் வழியில் தொலைந்து, கடிதம் மட்டும் உன் கைக்கு வந்தால், கடைசிப் பக்கத்தில் எழுதியதை இங்கேயும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. அன்றைக்கே படித்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன், எழுதிவிட்டு, ‘போ’ என்றும் எழுதியிருப்பேன், ஆனால் உனக்கு அங்கே பேச ஆள் இல்லை என்று தெரிந்து அனுப்பியிருப்பேன், கூட வந்து பத்து நாள் இருந்து அந்த ஊரில் ஒரு முகத்தையாவது உனக்குப் பழக்கிவிட்டு வந்திருப்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை, உன் வயது. அம்மாவுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போட்டுவிடாதே. அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் புத்தகங்களை வெளியே எடுத்து ஈரம் படாத இடத்தில் வை, பழையதை முதலில் பிரி. நீ கண்ணைப் பரிசோதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு என் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறாள் என்றால் லென்ஸ் வெட்டுகிறவர் என்னை விடமாட்டார். இரவில் பல் துலக்கிவிட்டுப் படு. எங்கே இருந்தாலும் மனசுக்குப் பிடித்த வேலையும் பேச ஒரு துணையும் உனக்குக் கிடைக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

புத்தகம் வந்ததும் நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே என்று சொல்லலாம், நீ தாவத்தான் போகிறாய். நீ விட்ட நாலு விரலில் மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு விரல் இடம் மிச்சம் வைத்திருக்கிறேன். பென்சிலைச் சீவிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமையாக ஒன்றும் வாங்காத
உன் அம்மா